டயருக்குள் ஏறிய செபஸ்தியார்

லொறியை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கிய லூயிஸின் கைகள் இரண்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

“நானா, ஐம்பதைத் தாண்டினா ஸ்டியரிங் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது.”

“அப்ப முப்பதில போ.”

“முப்பதில போனா மீன் மன்னாருக்கு வர முதல் கருவாடாயிடும்.”

மன்னார்ப் பாலத்தைத் தாண்டி, முசலிப் பக்கம் போகிற தெருவில் இருக்கிறது என் டயர்க்கடை. லூயிஸ் முள்ளிக்குளத்துக்குக் கிட்ட ஒரு கடற்கரை ஊர்க்காரன். வள்ளத்தை விற்றுப் பழைய ஃபோர்வீல் லொறி ஒன்று வாங்கியிருந்தான். டயர் ஒவ்வொன்றும் என் நெஞ்சளவு உயரம். மற்ற லொறிகள் புதைந்து கிடக்கிற மணலில் அது பாட்டுக்குப் போய்வரும். தார் ரோட்டுக்கு ஏறினால்தான் ஆட்டம்.

ஆனால் அன்று அவன் அழாத குறையாக வந்ததற்கு மீன் காரணமில்லை. அவர்களுடைய வேதக்கோயில் செபஸ்தியார் சிலை, அவர்கள் சொல்கிற சுருவம், பெயின்ட் அடிக்கத் தோட்டவெளிக்கு வந்திருந்தது. கோயில் பெருநாளுக்கு முதல் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். ஊர்க்கூட்டத்தில் தன் மச்சானோடு சண்டை பிடித்து, மச்சானின் டிராக்டர் வேண்டாமென்று தள்ளிவிட்டு, அந்தப் பொறுப்பை லூயிஸ் வாங்கியிருந்தான். செபஸ்தியாரோ உடம்பெல்லாம் அம்பு குத்தி நிற்கிறவர். சுருவம் சுண்ணாம்பு, அம்பு மெல்லிய கம்பி.

“ஒரு அம்பு விழுந்தாலும் நான் ஊரில இருக்கேலாது நானா. மனுசியே சோறு போடாள். அவளின்ர தமையன்தானே டிராக்டர்காரன்.”

“அண்டைக்கு மட்டும் மெல்ல ஆறுதலாப் போவன்.”

“மழைக்காலம். திறந்த லொறி, புதுப் பெயின்ட். முகில் கட்டினா ஓடத்தானே வேணும்?”

நியாயம்தான். நான் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டேன். “டயருக்குள்ள ஏதும் போட்டனியோ?”

“சீச்சீ. ஒண்டும் போடேல்லை.”

கார் வீல் பலன்ஸ் பண்ணுகிற மெஷின் என்னிடம் இருக்கிறது. லூயிஸின் வீலை அதில் ஏற்றினால் வீல் நிற்கும், மெஷின்தான் சுற்றும். பெரிய வீல்களுக்கு நான் வேறு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். பழைய லொறி அச்சொன்றைக் கொங்கிறீற்றில் இறுக்கி, பெயறிங்குக்கு நல்லாகக் கிறீஸ் போட்டிருக்கிறேன். வீலை அதில் மாட்டி மெல்லச் சுற்றிவிட்டால், பாரமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். சோக்கால் அடையாளம் போட்டு, நேர் எதிர்ப்பக்கம் ரிம்மில் ஈயம் கட்ட வேண்டும். எந்த இடத்தில் விட்டாலும் வீல் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. இந்தளவு வீலுக்குக் கடையில் விற்கிற ஈயம் மூக்குத்திக்குத்தான் காணும். நான் வலைக்குக் கட்டுகிற ஈயத்தை உருக்கித் தட்டிப் பாவிப்பேன். மன்னாரில் அதற்கு என்ன பஞ்சம்?

நாலு வீலும் செய்து அனுப்பினேன். அடுத்தநாள் வந்தான். ஆடுகிறதாம்.

மறுபடி மாட்டிப் பார்த்தேன். நேற்றுச் சோக் போட்ட இடம் மேலே நிற்கிறது. புதிதாக ஒரு பக்கம் பாரம். ஈயத்தை மாற்றிக் கட்டினேன். தள்ளாடிச் சந்தி வரை ஓடிவிட்டு வந்தான். திரும்பவும் ஆட்டம், திரும்பவும் வேறு பக்கம் பாரம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பது ஊரறிந்த விசயம். லெவரை எடுத்து ஒரு டயரைக் கழற்றினேன்.

உள்ளே மண். ஈரத்தில் கட்டிபட்டு, பாண் துண்டு மாதிரி ஒட்டிக்கிடந்தது. குலுங்குகிற நேரம் உடையும், பிறகு போய் இன்னோரிடத்தில் ஒட்டும்.

“இதென்னடா கோதாரி?”

லூயிஸ் நிலத்தைப் பார்த்தான். “ஃபோனில பார்த்தனான் நானா. வெள்ளைக்காரர் உந்தப் பெரிய டயருக்குள்ள சின்ன மணி கொட்டீனம். ஓடேக்க அது தானாப் பலன்ஸ் ஆகுமாம்.”

“அது காய்ஞ்ச மணி. இது உப்பு மண். கொம்பிரசர் காத்தில இருக்கிற ஈரத்தையும் சேர்த்துக் குடிச்சிருக்கு. கடற்கரை மண்ணையே அள்ளிப் போட்டனி?”

“கடற்கரை மண் இல்லை. எங்கட கோயில் மண். செபஸ்தியாரின்ர காலடியில எடுத்தது. காய்ச்சல் வருத்தத்துக்குப் பூசுறனாங்கள். டயருக்கும் காவலா இருக்குமெண்டு...”

“ஒண்டும் போடேல்லை எண்டியே!”

“அதை மண்ணெண்டு சொல்லலாமோ நானா?”

யா அல்லாஹ்! இந்த விசரனை அடிக்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர்களுடைய கோயில் பாதர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார், லொறி சரியா என்று பார்க்க. கழற்றிய டயரையும் மண்ணையும் பார்த்தார். நான் விசயத்தைச் சொன்னேன்.

“லூயிஸ், செபஸ்தியாரை லொறியில ஏத்தத்தானே சொன்னன். டயருக்குள்ள ஏத்தச் சொன்னனோ?”

மற்ற மூன்றையும் கழற்றி மண்ணை வழித்தேன். ஒரு வாளி சேர்ந்தது. அதைக் கடைவாசலில் கொட்ட லூயிஸ் விடவில்லை. நாய் படுக்கிற இடமாம். வீட்டுக்குக் கொண்டுபோகவும் மாட்டானாம். லொறிக்குப் போட்ட காவல் லொறியிலேயே இருக்க வேணுமாம். பாதர் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

“ஸ்பெயார் வீலுக்குள்ள போடுவம். அது சுத்தாதுதானே” என்றேன்.

மூன்று பேருக்கும் அது சரியாகப் பட்டது. போட்டு இறுக்கினேன். பிறகு நாலு வீலையும் புதிதாகப் பலன்ஸ் பண்ணினேன்.

சுருவம் ஏற்றுகிற அன்று லூயிஸ் என்னையும் விடவில்லை. “ஆடினா நானாதான் பதில் சொல்லோணும். ஏறுங்கோ.” பாதர் முன்னுக்கு அவனோடு இருந்தார். நான் பின்னுக்கு, பழைய மெத்தைக்கு நடுவில், செபஸ்தியாரின் இடுப்பைக் கட்டிப் பிடித்தபடி. எங்கள் வாப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

சிலாவத்துறைக்குக் கிட்டப் போகும்போது கடல் பக்கம் கறுத்தது. முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

“விடு லூயிஸ்!” என்று பாதர் கத்துவது கேட்டது.

விட்டான். லொறி ஐம்பதைத் தாண்டுவது எனக்குக் காற்றிலேயே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பயந்துபோனேன். ஒரு அம்பு விழுந்தால் லூயிஸுக்குச் சோறில்லை, எனக்கு அந்தப் பக்கத்தில் முகமில்லை. சுண்ணாம்பு உடம்பு என் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. எங்கே அதிரப்போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அதிரவில்லை. மழையைப் பின்னால் விட்டுவிட்டு ஊர் மணலில் இறங்கும்வரை ஒரு அம்புகூட அசையவில்லை.

சுருவத்தை இறக்க முதல் மச்சான்காரன் ஏறி ஒவ்வொரு அம்பாகத் தடவிப் பார்த்தான். கடைசி அம்பையும் தடவிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினான். லூயிஸ் எல்லாருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மணல் பறந்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிமாருக்கு நான் சொல்கிறது இதுதான். டயருக்குள் என்ன போட்டீர்கள் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் கழற்றிப் பாருங்கள்.

லூயிஸின் லொறி இப்போதும் ஓடுகிறது. ஸ்பெயார் வீலைத் தொட விடமாட்டான். அவனுக்கு எங்கேயும் பஞ்சர் ஆகக்கூடாது என்று நானும் தொழுகைக்குப் பிறகு துஆக் கேட்கிறேன்.