அது தனிங்க

வாயில் ஒரு சொட்டுப் படாமல், தண்ணி அடித்தே கடனாளி ஆன மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருப்பார். அவரைப் பார்த்துத்தான் எனக்குக் கட்டி வைத்தார்கள்.

சிரிக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுவது என் வீட்டுக்காரரின் தொழில். அதற்காகத் தவணையில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கினோம். துப்பாக்கி மாதிரிப் பிடித்து அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடித்துப் பாசியும் கறையும் தோலாக உரிந்து வரும். தொட்டி மட்டுமில்லை, வாசல், படி, மதில் எல்லாம் அடிக்கலாம். அதற்கெல்லாம் தனியாகக் காசு வாங்கினால் தவணை தானாக அடைந்துவிடும் என்று கணக்குப் போட்டவள் நான். கணக்கில் பிழையே இல்லை. ஆளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

வேலையிடத்தில் இவருக்குப் பெயரே 'சரிங்க'. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு கான்டிராக்டரிடம் கூலிக்கு நின்றவர். அந்த ஆள் இவருக்கு இந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டான். வேலையை விட்ட அன்று, "போய்ட்டு வா. மெஷினத் தவணைக்காரன் தூக்கிட்டுப் போனதும் இங்கதான் வந்து நிக்கணும்" என்றானாம். அதை என்னிடம் சொல்லும்போது இந்த மனிதர் சிரிக்கிறார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரிய வைத்தது அவன் மட்டுமில்லை. 'அப்படியே' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதுவும்தான். தொட்டி வேலை முடிந்து குழாயைச் சுருட்டும் நேரம் பார்த்து எல்லார் வாயிலும் வரும். "அப்படியே இந்த வாசலையும் ஒரு அடி அடிச்சு விட்டுடுங்க." ஒரு அடியாம்! அளந்து பார்த்தால் நானூறு சதுர அடி இருக்கும். கொசுறு கேட்கிற மாதிரி கேட்பார்கள். இவரும் "சரிங்க" என்பார். மெஷின் அதிர்ந்து அதிர்ந்து, வீட்டுக்கு வரும்போது இவர் விரலுக்கு டம்ளரைப் பிடிக்கத் தெம்பிருக்காது.

"'வாசலுக்குத் தனிங்க'ன்னு சொல்லணும். அவ்வளவுதான். எங்க, என்கிட்ட சொல்லிக் காட்டுங்க பாப்போம்" என்று ஒரு நாள் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன்.

"வாசலுக்குத் தனிங்க..." என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார். "...பரவால்லங்க, நீங்க பாத்துக் கொடுங்க."

தலையில் அடித்துக்கொண்டேன்.

தவணை தள்ளிப் போய், இந்த வாரம் கட்டாவிட்டால் மெஷினை எடுத்துக்கொள்வோம் என்று கடையிலிருந்து போன் வந்தது. அப்போதுதான் ஓர் அடுக்குமாடியில் பெரிய தொட்டி வேலை கிடைத்தது. அந்தக் காசு கைக்கு வந்தால் தப்பித்தோம். வராவிட்டால் இவர் அந்தக் கான்டிராக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். நானும் கூடவே கிளம்பினேன்.

தொட்டி பளிச்சென்று ஆனது. அடியில் வாரிய சேறு மட்டுமே இரண்டு வாளி. அவற்றையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியதும் குடியிருப்புச் செயலாளர் கார் நிற்கும் தரையைக் காட்டி, "அப்படியே இதையும்..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்றேன்.

"தண்ணி எங்களுது, கரண்ட் எங்களுது. அடிக்கிறதுக்கு என்னம்மா தனிக் காசு?"

"துணி உங்களுதுதான் சார். லாண்டரில சும்மாவா துவைச்சுத் தராங்க?"

அவருக்கு முகம் சுருங்கியது. என் பக்கமே திரும்பாமல் இவரிடம், "எப்படி வரும்னே தெரியாம எப்படிப்பா காசு தர்றது?" என்றார். நான் மொட்டை மாடியில் விட்ட பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வருவதற்குள், இந்த மகானுபாவர் ஒரு கதவு அளவுக்கு அடித்துக் காட்டிவிட்டார். அந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று மின்னியது. அதுவரை தரையாகத் தெரிந்த மற்றதெல்லாம் இப்போது அழுக்காகத் தெரிந்தது.

செயலாளர் இடுப்பில் கை வைத்தார். "என்னப்பா, இங்க மட்டும் வெளுத்துப் போய்க் கிடக்கு? அசிங்கமா இருக்கு. ஒண்ணு முழுசா அடிச்சுச் சமமாக்கு, இல்ல பழையபடி ஆக்கிட்டுப் போ. அதுவரைக்கும் தொட்டிக் காசு கிடையாது."

சுத்தம் செய்ததற்கு அபராதம்! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் குரல் கேட்டது.

"சரிங்க."

போச்சு. பொழுது சாயும் வரை சும்மா அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கோபத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் இவர் மெஷினைத் தாண்டிப் போனார். ஓரமாக வைத்திருந்த சேற்று வாளிகளைத் தூக்கி வந்தார். அந்த வெள்ளை இடத்தில் இரண்டையும் கவிழ்த்து, துடைப்பத்தால் ஓரம் வரைக்கும் நிதானமாக இழுத்துவிட்டார்.

"பழையபடி ஆயிடுச்சுங்க. உங்க தொட்டிச் சேறுதான். வெளியிலேர்ந்து எதுவும் கொண்டு வரல."

நாற்றம் மாடி மாடியாக ஏறியது. ஜன்னல்கள் திறந்தன. "இதையா இத்தன நாளா குடிச்சோம்?" என்று ஓர் அம்மா கத்தினார். "முதல்ல அவங்க காசக் கொடுங்க சார்!" என்றது இன்னொரு ஜன்னல். செயலாளர் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து, எண்ணாமலே என் கையில் திணித்தார்.

பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சரிப்பா, அப்படியே இதையும் ஒரு அடி அடிச்சு விட்டுடு" என்றார்.

இவர் குழாயைச் சுருட்டுவதை நிறுத்தினார். என்னை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அது தனிங்க."