பழனிவேலுக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

கீரப்பாளையம் பக்கம் ஒரு சாவு வீடு. இறந்தவருக்கு இன்னொரு குடும்பமும் உண்டு என்பது ஊருக்கே தெரியும். அந்த இன்னொரு அம்மாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரண்ட் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பந்தலுக்குச் சேர் இறக்கிக்கொண்டிருந்த பழனிவேல் ஒரு சேரைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் வைத்தார். "பந்தல்ல எடம் பத்தலம்மா. இது இங்க கெடக்கட்டும், அப்பறம் எடுத்துக்கறேன்" என்று கம்பத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பந்தலுக்குள் பாதி இடம் காலியாக இருந்தது. அன்றைக்கு ஆள் வராததால் கூடப் போயிருந்த அவர் பெண்சாதி பொன்னி வண்டியிலிருந்து இதைப் பார்த்தாள். 

சிதம்பரத்தில் பந்தல், சேர், பாத்திரம், பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர் பழனிவேல். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவரிடம் ஒரே சேர்தான். சாவு வீட்டிலிருந்து வந்ததைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கல்யாணத்துக்கு அனுப்புவார். காலையில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு. அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பொன்னிக்கு அவரிடம் இருந்த ஒரே குறை அதுதான்.

வைகாசி மாதம் கடலூர் காலேஜ் ஒன்றிலிருந்து கதிர்வேல் என்ற பையனும் வெண்மதி என்ற பெண்ணும் வந்தார்கள். படம் எடுக்கிற படிப்பு. கடைசி வருசத்துக்கு ஒரு பாட்டு எடுத்து, அதற்கு அட்டைப்படம், போஸ்டர் எல்லாம் செய்து காட்ட வேண்டுமாம்.

"எங்களது சாவு கானா மாமா. ஒவ்வொரு வகைப் பாட்டுக்கும் ஒரு மொறை இருக்கு. பாத்த ஒடனே இது இன்ன வகைன்னு தெரியணும். அதுக்குத்தான் மார்க்கு" என்றாள் வெண்மதி.

"அப்போ ஐஸ் பொட்டி வேணும்" என்றார் பழனிவேல்.

பெட்டி போனது, சேர் போனது, பந்தல் போனது. பிணமாக நடிக்க வந்த பையன் பெட்டிக்குள் படுத்ததும் சிரித்தான். வெளியே எடுத்தால் அழுதான். கடைசியில், "பொட்டி நம்ம பொட்டிதான தம்பி, நான் படுக்கறேன்" என்று பழனிவேலே ஏறிப் படுத்துக்கொண்டார். வெளியே நெருப்பு மாதிரி வெயில், உள்ளே சில்லென்று காற்று. மனுசன் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். "போறியே மாமா போறியே, பிரியாணி ஆறுது போறியே" என்று சுற்றி நின்று பிள்ளைகள் ஆடினார்கள். நடுவில் குறட்டை வந்தபோது மட்டும் மேளத்தை ஓங்கி அடித்தார்களாம்.

சளி பிடித்து வீட்டுக்கு வந்தவரைப் பொன்னி பிடிபிடியென்று பிடித்தாள். "பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்கு. நீ போயி பொணப் பொட்டில படுத்துட்டு வர்றியா?"

மகள் சத்யப்பிரியாவை அண்ணாகிராமத்தில் பேசி முடித்திருந்தார்கள். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை நிச்சயம். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆவணிக்குள் மாப்பிள்ளை சிங்கப்பூர் போய்விடுவான். அப்புறம் எப்போது வருவானோ, வந்தால் மனசு எப்படி இருக்குமோ. பொன்னிக்குத் தூக்கம் பிடித்தால்தானே!

அந்த வாரம்தான் பிள்ளைகள் போஸ்டர் அடித்தார்கள். சாவு கானாவுக்கு எது முறையோ அதுவே போஸ்டருக்கும். மேலே கண்ணீர் அஞ்சலி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கண்ணீர் விடும் ஒற்றைக் கண், நடுவில் பழனிவேல். மறைவு என்ற இடத்தில் பாட்டு வெளிவரும் தேதி. அடியில் பொடி எழுத்தில் பாட்டின் பெயர். சாவு போஸ்டரில் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? அங்கே பேரப்பிள்ளைகள் பெயர்தானே இருக்கும்!

ஒட்டுகிற வேலை ஆண்டிக்கு வந்தது. ஆண்டி பழனிவேலுக்குச் சின்ன வயசுக் கூட்டாளி. கட்டைப் பிரித்து முகத்தைப் பார்த்தவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே பசை காய்ச்சினார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு, கடலூர் பஸ் ஸ்டாண்டு என்று பிள்ளைகள் சொன்ன இடமெல்லாம் ஒட்டினார். அவர்கள் சொல்லாத மங்கலம்பேட்டைக்கும் போனார், பழனிவேலுக்கு அங்கே பங்காளிகள் உண்டே. அப்புறம் சம்பந்தி வீட்டுக்குச் சேதி சொல்லாமல் விட்டால் மரியாதையா என்று அண்ணாகிராமத்துக்கும் போய் மாப்பிள்ளை வீட்டுச் சுவரிலேயே நாலு ஒட்டினார். எல்லாம் முடித்து ஒரு ரோஜா மாலையோடு வீட்டுக்கு வந்தார்.

பொன்னி அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சீ! ஒன்ன இப்பிடித் தனியா உட்டுட்டுப் பூட்டானே!"

"யாருண்ணே?"

கொல்லையில் குளித்துக்கொண்டிருந்த பழனிவேல் துண்டோடு வந்தார். "யாருடா செத்தது?"

ஆண்டி மாலையோடு சரிந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினால், "நான் என் கையால ஒட்டனேன் மச்சான்!" என்று மறுபடி அழுகை.

அதற்குள் மங்கலம்பேட்டைப் பங்காளிகள் வேன் பிடித்து வந்து இறங்கிவிட்டார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டே வந்து, ஆளைப் பார்த்ததும் அடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பழனிவேல் சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்டகையைத் திறந்து சேர்களை எடுத்துப் போட ஆரம்பித்தார்.

"ந்தா, இன்னா பண்ற?" என்றாள் பொன்னி.

"எவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்காங்க. நின்னுக்கிட்டா இருப்பாங்க?"

தன் சாவுக்கு வந்தவர்களுக்குத் தானே டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் பஞ்சநாதம் மாலையும் கையுமாக வந்தார். அவர் கையிலும் ஒரு டீயைக் கொடுத்தார் பழனிவேல்.

"நீங்க இருக்கறதுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்றார் பஞ்சநாதம். "ஆனா ஊருக்கே சொல்லியாச்சு. சாவு விழுந்த வீட்டுக்கு வெள்ளிக்கெழம தட்டு தூக்கினு வந்தா சிரிப்பாங்க. பதனாறு முடியட்டும்."

"யாருக்குப் பதனாறு?" என்றாள் பொன்னி.

"இவருக்குத்தாம்மா."

"அவருதான் ஒங்களுக்கு டீ குடுத்தாரு!"

"எனக்குத் தெரியுது. ஊருக்குத் தெரியணுமே. இவரு ஒருத்தரா எங்க ஊருக்கு வந்து நின்னா நாலு பேருதான் பாப்பாங்க. ஊரே பாக்கற மாதிரி வரணும். அப்பறம் பேசலாம்."

சேதி கேட்டு ஓடி வந்த பிள்ளைகள் பொன்னி காலில் விழுந்தார்கள். "ஊரே பாக்கற மாதிரி நாங்க கொண்டு போறோம் அத்தை" என்றான் கதிர்வேல்.

லோடு வண்டியில் ஒரு சேர் போட்டு பழனிவேலை உட்கார வைத்தார்கள். "ஒனக்குன்னு வாங்கனது மச்சான், வேற யாருக்குப் போடறது?" என்று ஆண்டி அந்த மாலையை அவர் கழுத்தில் போட்டார். பஞ்சநாதமும் பொன்னியும் சத்யப்பிரியாவும் பின்னால் ஆட்டோவில். அண்ணாகிராமம் எல்லையில் மேளம் ஆரம்பித்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே அடி. ஒரு மாதமாகப் பழகிய சாவு அடி.

நம் பக்கம் சில குடும்பங்களில் இறந்தவரை மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்துத்தான் கொண்டுபோவார்கள். சனங்கள் மேளத்தைக் கேட்டார்கள், வண்டியைப் பார்த்தார்கள். ஆம்பளைகள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

"மொகம் வாடவே இல்ல பாரு, மகராசன்!"

"கண்ணு தொறந்தே கெடக்குது, யாராச்சும் மூடி உடுங்கப்பா!"

"கைய ஆட்டுங்க மாமா!" என்று கத்தினாள் வெண்மதி. பழனிவேல் கூச்சத்தோடு கையைக் கொஞ்சம் தூக்கினார். முன்னால் நின்ற பொம்பளை அலறிக்கொண்டு ஓடினாள்.

"கெட்டுது போ" என்று தலையில் கை வைத்தார் பஞ்சநாதம். சத்யப்பிரியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பொன்னி ஆட்டோவை விட்டு இறங்கி நடுரோட்டில் நின்றாள். வெள்ளிக்கிழமையும் போனது, மாப்பிள்ளையும் போனான். நடராசா, இது என்ன ஆட்டம்!

பழனிவேல் மேலேயிருந்து அவளைப் பார்த்தார். எழுந்தார். வண்டி மூலையில் மடக்கிக் கிடந்த இன்னொரு சேரை எடுத்து விரித்து, தன் சேருக்குப் பக்கத்தில் போட்டார்.

"ஏன் வெயில்ல நிக்கற? வந்து ஒக்காரு."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். காலு வலிக்குமில்ல?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். தலையில் பூ, நெற்றியில் பெரிய குங்குமம். வண்டியை ஒட்டி நடந்த ஆண்டி என்ன நினைத்தாரோ, பஞ்சநாதம் கையில் வாடிக்கொண்டிருந்த மாலையைப் பிடுங்கி அவளுக்கும் போட்டார்.

மேளம் தானாக நின்றது. மாலையும் கழுத்துமாக ஒருத்தர் உட்கார்ந்தால் சாவு. இரண்டு பேர் உட்கார்ந்தால்? கதிர்வேல் வெண்மதியைப் பார்த்தான். "அடியை மாத்துடா!" என்றாள் அவள். கல்யாண அடி தெரியாமல் குத்துப்பாட்டு அடித்தார்கள். அது போதுமாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் ஆடின. முதலில் அலறி ஓடிய பொம்பளையே உள்ளே போய் ஒரு கை அரிசி அள்ளி வந்து இரண்டு பேர் தலையிலும் போட்டாள். பொன்னி கல்யாணத்தில்கூட இப்படி ஊர்வலம் போனதில்லை. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"செரி, வெள்ளிக்கெழமையே வெச்சிக்குவம்" என்றார் பஞ்சநாதம். "ஆனா அன்னிக்கி மேளம் நாங்க சொல்றோம்."

நிச்சயம் நடந்தது. சேரெல்லாம் பழனிவேலுடையதே. பிள்ளைகள் அண்ணாகிராமத்தில் எடுத்ததையும் பாட்டில் சேர்த்துவிட்டார்கள். சாவு பாதியில் கல்யாணமாகிவிட்டது, இது எந்த வகை என்றே விளங்கவில்லை என்று வாத்தியார் மார்க்கைக் குறைத்துவிட்டாராம்.

படிப்பு முடிந்து மெட்ராசுக்கு வேலை தேடிப் போகும் முன் இரண்டு பேரும் சொல்லிக்கொள்ள வந்தார்கள். பொன்னி அதிரசம் கட்டிக் கொடுத்தாள். கதிர்வேல் தயங்கித் தயங்கி, "அந்த போஸ்டர் இன்னும் கம்ப்யூட்டர்ல இருக்கு மாமா. அழிச்சிடறேன்" என்றான்.

பழனிவேல் ஒரு சேரை இழுத்து அவன் பக்கத்தில் போட்டார்.

"போட்டோ நல்லா வந்திருக்கு தம்பி. தேதிய மட்டும் அழி. மத்தது இருக்கட்டும், அவசரம் ஒண்ணுமில்ல."