இடது பக்கம் காட்டி ஒன்று

காலை ஏழேகால் மணிக்கு மாடிப்படியின் கடைசிப் படியில் அண்ணி நின்றுவிடுகிறார். இடது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனியிலிருந்து அடிவரை வெள்ளைக் கோடாக சன்ஸ்கிரீன். அந்த இரண்டு விரல்தான் ஒரு முகத்துக்கு அளவு. குறைந்தால், "பூசுனதும் ஒண்ணு, பூசாததும் ஒண்ணு." முதலில் அம்மா. கண்ணை மூடி, முகவாயைத் தூக்கி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளை மாதிரி முகத்தை நீட்டுகிறாள். நெற்றி, மூக்கு, கன்னம் இரண்டும், பிறகு காது மடல், பின்கழுத்து. அடுத்து அண்ணன். படிக்கும் செய்தித்தாளைக் கீழே வைக்காமலே குனிகிறான். நான் தலைவாரிவிடப் போனால் "வலிக்குது, விடுடி" என்று கையைத் தட்டிவிடும் அம்மா, அண்ணியின் உள்ளங்கையில் முகத்தை ஒப்படைத்துவிட்டு நிற்பதைச் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஊர்சுத்தி, வா. உனக்கும் இருக்கு" என்பார் அண்ணி.

"எனக்கு எதுக்கு? நான் வீட்டுக்குள்ளதானே இருக்கப்போறேன்."

"ஜன்னலும் வீட்டுக்குள்ளதான் இருக்கு."

அம்மா கண்ணைத் திறக்காமலே சிரிப்பாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அண்ணி ஒரு தோல் கிளினிக்கில் போட்டோ எடுக்கிறார். சிகிச்சைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஜன்னலே இல்லாத சின்ன அறை, சாம்பல் நிறத் திரை, சுழலும் முக்காலி, முகவாயை வைக்க ஒரு தாங்கி. தரையில் ஒட்டிய நாடாவை விட்டு முக்காலி ஒரு விரற்கடைகூட நகரக் கூடாது. நாள் முழுவதும் அவர் பேசுவது நான்கே வாக்கியம்: "நேரா பாருங்க. எடது கன்னத்தைக் காட்டுங்க. வலது கன்னத்தைக் காட்டுங்க. சிரிக்காதீங்க." கேமராவைக் கண்டதும் மனிதர்களுக்குத் தானாகச் சிரிப்பு வந்துவிடுகிறது. "சிரிச்சா கன்னம் மேல ஏறிடும், புள்ளி இடம் மாறிடும். அப்புறம் டாக்டரம்மா எதை எதோட ஒப்பிட்டுப் பாப்பாங்க?" கிளினிக்கில் அவருக்கு 'சிரிக்காதீங்க அக்கா' என்றே பெயர். நிஜப் பெயரைக் கேட்டுக்கொண்டு யாராவது வந்தால் வரவேற்பில் இருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

அவருக்கும் மற்றவர்களின் பெயர் நினைவில் நிற்பதில்லை. புள்ளிதான் நிற்கும். கடைத்தெருவில் ஒருவர் வணக்கம் சொன்னால், நல விசாரிப்புகளுக்கு நடுவே லேசாகச் சாய்ந்து அவருடைய காதுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நீங்களா! இப்போ நல்லா மங்கியிருக்கே" என்பார். ஒரு கன்னத்தில் மட்டும் புள்ளிகளோடு வந்த ஒருவரிடம், உட்காரும் முன்பே, "பஸ்ஸா, லாரியா?" என்று கேட்டாராம். அவர் திகைத்துப்போய், "ஸ்கூல் வேன்" என்றாராம். "ஜன்னல் பக்கத்துக் கன்னம் பொய் சொல்லாது" என்பது அண்ணியின் கட்சி. எல்லாவற்றையும் கரும்புள்ளி என்று சொல்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "மங்கு வேற, மச்சம் வேற, மரு வேற, வெயில் புள்ளி வேற. மளிகைக் கடையில போய் 'பருப்பு குடுங்க'ன்னா என்ன பருப்புன்னு கேக்க மாட்டாங்களா?" எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு வருபவர்களிடம், "அதைப் பாத்திரத்துக்குத் தேய்ங்க, பளபளன்னு இருக்கும்" என்பார்.

தெருவில் நிழல் எந்தப் பக்கம், எத்தனை மணி வரை என்பது அவருக்கு மனப்பாடம். வேலைக்குப் போகும்போது பேக்கரி ஓரம், வரும்போது தபால் நிலைய ஓரம். அகல விளிம்பு வைத்த ஒரு பழுப்புத் தொப்பியை முகவாயில் நாடாவால் முடிந்துகொண்டு அவர் போவதைப் பார்த்து, எதிர்வீட்டுக்காரர் 'காளான்' என்று பெயர் வைத்திருக்கிறார். அண்ணிக்கு அது தெரியும். "காளான் வெயில்ல வளராது. சரியாத்தான் வச்சிருக்காரு." மேகம் மூடிய நாளிலும் தொப்பி உண்டு. சினிமா பார்த்தாலும் கதை பிடிபடாது. கதாநாயகன் செத்துக்கொண்டிருப்பான், இவர் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணிக்கு வயது முப்பத்தெட்டு. எனக்கு இருபத்தொன்பது. அவர் முகம், கழுவி வைத்த பீங்கான் தட்டு மாதிரி இருக்கிறது; என் முகத்தில் நான்கு ஆண்டுகள் நான் சுற்றிய ஊரெல்லாம் பொரிப்பொரியாக இறங்கியிருக்கிறது. போன வாரம் இருவரும் மருந்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் அண்ணியைப் பார்த்து, "உங்க அக்காவுக்கு என்ன வேணும்?" என்றார். அக்கா என்றது என்னை. அண்ணி சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து அவர் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீடு அவரைச் சுற்றித்தான் ஓடுகிறது. நான் திரும்பி வந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது, சரக்குப் படகில் பதினொரு நாள் வந்த கதையை ஆரம்பித்தேன். எத்தனையோ ஊர்களில் சொல்லிச் சொல்லிச் செதுக்கிய கதை. நான்காம் நாள் நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிடுகிறது. எந்தப் பக்கமும் கரை இல்லை. மேல்தளத்தில் ஆறு பேர், குடிதண்ணீர் இரண்டு பீப்பாய். இந்த இடத்தில் நான் வழக்கமாகக் கொஞ்சம் நிறுத்துவேன். நிறுத்தினேன்.

"மேல்தளத்துல நிழல் இருந்துச்சா?" என்றார் அண்ணி.

அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. "அதானே, நிழல் இருந்துச்சா?" என்றாள் அம்மா, உண்மையான கவலையோடு. பிறகு பேச்சு தொப்பி, துணி, காதுமடல் என்று போய்விட்டது. என் படகு இன்னும் அந்தக் கடலிலேயே நிற்கிறது.

பயணத்தில் இருந்தபோதும் இப்படித்தான். ஒரு மலையுச்சியிலிருந்தோ பனிப்பாறையின் முன்னாலிருந்தோ போட்டோ அனுப்பினால், எல்லோரும் ஆகா ஓகோ என்பார்கள். அண்ணி மட்டும், "நல்லாருக்கு. முடிய ஒதுக்கிட்டு எடது பக்கம் காட்டி ஒண்ணு அனுப்பு" என்று எழுதுவார். எந்த ஊரிலிருந்து எதை அனுப்பினாலும் அதே வரி. கூட வந்தவர்களிடம் காட்டிச் சிரித்திருக்கிறேன்: "எங்க அண்ணிக்கு நான் பாக்குற மலையைப் பாக்கப் பொறுக்கல." ஆனாலும் அனுப்பிவிடுவேன். அனுப்பாவிட்டால் மறுபடி கேட்பார்.

என் இடது காதுக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கிறது. மற்றவை தவிட்டு நிறம். இது கொஞ்சம் கூடுதல் கருப்பு. அடுத்த பயணத்துக்கு மூன்று வாரமே இருந்தது. அதற்குள் இதை ஒழித்துவிட வேண்டும் என்று, வழியில் ஒரு சந்தையில் வாங்கிய பெயரில்லாத கிரீமை வீட்டுக்கு வந்த பிறகும் இரவில் விடாமல் தடவிவந்தேன். குளியலறை அலமாரியில், என் சீப்புக்குப் பின்னால் இருந்த அந்த ட்யூபை அண்ணி கண்டெடுத்தார்.

"இது என்ன?"

"கிரீம்."

"அது எனக்கும் தெரியுது. உள்ள என்ன இருக்கு?"

"தெரியாது. எல்லாரும் வாங்குனாங்க, வாங்குனேன்."

"எத்தனை நாளாத் தடவுற?"

"ரெண்டு மாசமா."

என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "ஓரத்தை எல்லாம் அழிச்சு வச்சிருக்கியே! என்னன்னு பாக்குறதுக்கு முன்னாடி அழிச்சா, அப்புறம் அது என்னன்னு எப்படித் தெரியும்?"

"வெயில் புள்ளிதானே அண்ணி."

"பெரும்பாலும் வெயில் புள்ளிதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பெரும்பாலும்" என்றார்.

அந்த இரண்டாவது 'பெரும்பாலும்' என்னைப் பயமுறுத்திவிட்டது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "நாலு வருஷமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். உலகத்துல எதை அனுப்புனாலும் உங்களுக்கு என் மூஞ்சியில குறை கண்டுபிடிக்கணும். நீங்க எங்கயும் போனதில்ல. அந்த வயித்தெரிச்சல்."

கூடத்தில் அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அண்ணி ட்யூபின் மூடியைத் தேடி எடுத்து, திருகி மூடினார். "நாளைக்குப் பத்து மணிக்கு கிளினிக்குக்கு வா. மூஞ்சியில ஒண்ணும் பூசாம வா" என்று சொல்லிவிட்டு, அந்த ட்யூபைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். வயிற்றெரிச்சல் யாருக்கு என்பது அவருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

மறுநாள் அவருடைய முக்காலியில் உட்கார்ந்தேன். தாங்கியில் முகவாயை வைத்தேன். "நேரா பாருங்க" என்றார். வீட்டில் வா, போ. இங்கே எனக்கும் 'ங்க'. "எடது கன்னத்தைக் காட்டுங்க. சிரிக்காதீங்க." நான் சிரிக்கும் நிலையில் இல்லை. விளக்கு பளிச்சிட்டது.

டாக்டரம்மா நிதானமானவர். சின்ன விளக்கு வைத்த லென்ஸைப் புள்ளியின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். அண்ணி கொடுத்த ட்யூபை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "கிரீம் தடவி ஓரம் கலைஞ்சிருக்கு. எப்போலேர்ந்து இருக்கு இது?"

"நாலஞ்சு வருஷமா."

"பெருசாயிருக்கா? நிறம் மாறியிருக்கா?"

"தெரியல" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. "அப்போ ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்துப் பரிசோதிச்சிடலாம்" என்று அவர் கையுறையைத் தேடும்போது, அண்ணி அவருடைய மேசையில் இருந்த கணினியின் பக்கம் போனார். "ஒரு நிமிஷம், டாக்டரம்மா."

திரையில் ஒரு கோப்பு திறந்தது. அதன் பெயர் 'ஊர்சுத்தி'. உள்ளே முப்பத்தொரு படம், தேதி வரிசையில். எல்லாம் நான் அனுப்பியவை. ஆனால் நான் மூச்சு வாங்க ஏறிய மலை இல்லை, இரண்டு நாள் காத்திருந்து பார்த்த பனிப்பாறை இல்லை, படகு இல்லை, கடல் இல்லை. எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியிருந்தார். காது, தோடு, புள்ளி. காது, தோடு, புள்ளி. கடைசி இரண்டு படங்களில் மட்டும் புள்ளியின் ஓரம் வெளுத்திருந்தது.

"அவ அந்தத் தோட்டைக் கழட்டவே மாட்டா" என்றார் அண்ணி. "நாலு மில்லிமீட்டர். ஊர் சுத்தக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் அவ தூங்குறப்போ அளந்துட்டேன். அதை வச்சுப் பாத்தா, முத படத்துல புள்ளி மூணு. போன மாசமும் மூணுதான்."

டாக்டரம்மா முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி லென்ஸை வைத்துப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். "வெயில் புள்ளிதான். வெட்ட வேண்டாம். ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை படம் வேணும், கொஞ்சம் மாறினாலும் உடனே வரணும். லேசர் இப்போ வேண்டாம். வெயில்ல போய் நிக்கப் போறவங்களுக்கு எடுத்தா, முன்னைவிடக் கருப்பாத் திரும்பி வரும். இந்தக் கிரீமைத் தூக்கிப் போடுங்க."

வெளியே நடைவழியில் வந்து நின்றேன். நிம்மதி முதலில் வந்தது. அதன் பின்னாலேயே பழைய பொறாமையும் வந்தது. நான்கு ஆண்டுகளாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். ஆனால் என்னை என்னைவிட ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்ததும் அண்ணிதானா? அதைக்கூட எனக்கென்று விட்டுவைக்கவில்லையே அவர்.

மறுநாள் ஏழேகாலுக்கு மாடிப்படியில் அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றேன். "கண்ணை மூடு" என்றார். இரண்டு விரல் அளவும் எனக்குக் கிடைத்தது. நாளையிலிருந்து அம்மாவுக்கு முன்னால் நிற்கட்டுமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

புறப்பட்ட அன்று காலை பஸ் நிலையத்துக்கு அண்ணிதான் வந்தார். டிக்கெட்டைப் பார்த்து, சூரியனைப் பார்த்து, "வலது பக்க ஜன்னல்ல உக்காரு. மத்தியானம் வரைக்கும் வெயில் எடது பக்கம்தான்" என்று இடது கையை நீட்டினார். பிறகு தன் தலையிலிருந்த பழுப்புத் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்து, நாடாவை முகவாயின் கீழ் இறுக முடிந்தார். "உங்களுக்கு?" என்றேன். "நான் நிழல்லயே போயிடுவேன். எனக்குத் தெரியாத நிழலா?"

ஏறி உட்கார்ந்தேன். அண்ணி பஸ்ஸின் நிழலுக்குள், என் ஜன்னலுக்கு நேர் கீழே நின்றார். பஸ் நகர்ந்தது. நிழலும் அதோடு கிளம்பி, அவர் காலை விட்டு, தோளை விட்டு, முகத்தை விட்டு விலகியது. இரண்டடி பின்னால் போனால் கூரை. அவர் போகவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெறுந்தலையோடு வெயிலில் நின்றபடி, தன் இடது காதுக்கு முன்னால் ஒரு விரலால் இரண்டு தரம் தட்டிக் காட்டினார்.