தும்மலில் பறந்த வைரம்

என்னைப் போன்ற அசடு வைரம் வாங்கப் போகவே கூடாது. ஆனாலும் போனேன். தொண்ணூறுகளின் நடுவில், தில்லியின் ஜனவரிக் குளிரில், கரோல் பாக்கில் ஒரு நகைக்கடைக்கு, மனைவியையும் கூட்டிக்கொண்டு, அவள் மூக்குத்திக்குக் கல் பார்க்க. பல வருடமாக அவள் கேட்டுவந்த ஒற்றைக் கல்.

கடைக்காரர் ஒரே எடையுள்ள இரண்டு கற்களைத் தனித்தனி வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். ஒன்று அகலம், மற்றது சின்னது. பெரிசாகத் தெரிவதை எடுப்போம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். பட்டையைத் தட்டையாகத் தீட்டினால் அப்படித்தான் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒளி உள்ளே நிற்காமல் ஒழுகிவிடும் என்றார் அவர்.

"இந்த லைட்டுல என் கண்ணாடி வளையல்கூடத்தான் மின்னுது. நிழல்ல வெச்சுப் பார்க்கணும்" என்றாள் மனைவி.

நான் விடுவேனா? ஆபீஸ் டீ நேரத்தில் கற்ற வித்தை ஒன்று கைவசம் இருந்தது. கல்லின் மேல் மூச்சு விட வேண்டும், ஆவி சட்டென்று மறைந்தால் நல்ல கல். அது வைரமா கண்ணாடியா என்று பார்க்கத்தான், பட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? சின்னக் கல்லைக் காகிதத்தோடு வாயருகே தூக்கினேன். ஒரு வாரமாக மூக்கில் குடியிருந்த ஜலதோஷம் சரியாக அப்போதுதான் வேலையைக் காட்டியது. தும்மினேன். காகிதம் கையில் இருந்தது. கல் இல்லை.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. யாரும் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. பரவாயில்லை, பரவாயில்லை என்றபடி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிரிலும் வியர்க்க, நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்தேன். தரையில் ஒவ்வொரு தூசியும் வைரமாகத் தெரிந்தது. பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டலாமா? காட்டினால் சந்தேகம் கூடுமா?

மனைவிதான் தன் அரைகுறை ஹிந்தியில், "பையா, லைட் பந்த் கரோ. டார்ச் ஹை?" என்றாள்.

விளக்குகளை அணைத்தார்கள். டார்ச் வெளிச்சம் தரையைத் தடவியது. ஒன்றுமில்லை. பிறகு என் பக்கம் திரும்பியது. என் மஃப்ளரின் மடிப்பிலிருந்து சின்னதாக ஒரு தீப்பொறி பளிச்சென்று எட்டிப் பார்த்தது. மேஜையில் இருந்த பெரிய கல்லோ, அதே டார்ச்சுக்கு மழைத்துளி மாதிரி மங்கலாகக் கிடந்தது.

சின்னதுதான் வேண்டும் என்று அவள் சொன்னாள். நான் மஃப்ளரால் மூக்கைப் பொத்திக்கொண்டு பணத்தை எண்ணினேன். அன்றுமுதல், விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் எதையும் அங்கேயே நம்பிவிட எனக்குத் துணிவில்லை. அந்த மூக்குத்தியை மட்டும் கொஞ்சம் கிட்டே போய் ரசிக்கலாமே என்று முகத்தை நீட்டினால், இன்றும் வருவது ஒரே பதில்:

"தள்ளி நின்னு பாருங்க."