முனீஸ்வரன் தலைக்கு மேலே ஒரு கேமரா

பொருள் காணாமல் போனால் ஜனங்கள் போலீசுக்குப் போவார்கள். ஆள் மேல் சந்தேகம் வந்தால் கேமரா மாட்டுகிறவனைக் கூப்பிடுவார்கள். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும், ஏணி வைக்க இடம் தேடுவதற்கு முன்னால் அங்கே யார் யாரோடு பேசுவதில்லை என்று பார்த்துக்கொள்வது என் வழக்கம். சொந்தக்காரர் வீட்டில் வைஃபை சரி செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு என் பாடு புரியும். தம்போயில் டயர் கடை வைத்திருக்கும் மாணிக்கம் அண்ணனிடம் நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரே வேலை, இரண்டு வேண்டுதல்

அண்ணனுக்கு உலு திராம் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஓர் ஆட்டுக் கொட்டகை இருக்கிறது. ஃபேக்டரி வேலை போன மச்சான் செல்வராஜ் அங்கேயே தங்கி ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறான். தீபாவளி நெருங்குகிற நேரத்தில் ஆடுகள் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தன. மச்சான்தான் விற்றுத் தின்கிறான் என்று அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டார். சாட்சி மட்டும்தான் பாக்கி. ரெக்கார்டரைக் கொட்டகையில் வைத்தால் அவன் படத்தை அழித்துவிடுவானாம். ஆகவே கேமரா அங்கே, பதிவு தம்போய் வீட்டு ஹாலில். கையும் களவுமாகச் சிக்கினால் தீபாவளிக்கு முன்பே அவனை விரட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் கார் எடுக்கப் போனார்.

அவர் மனைவி பரமேஸ்வரி அக்கா அதற்காகவே காத்திருந்தவர் போல அடுப்படியிலிருந்து வந்தார். செல்வராஜ் அவருடைய ஒரே தம்பி. அந்த வாரம் முழுக்க வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அக்கா தணிந்த குரலில் சொன்னார்: "நல்லா தெளிவா தெரியிற கேமராவா போடுங்க. செல்வா எடுக்கலன்னு இவரு கண்ணால பாக்கணும்."

காவலுக்குக் காவலா?

கொட்டகையில் போன் லைன் சுத்தமாகக் கிடைக்கவில்லை. உயரமான இரும்புக் குழாய் ஒன்றை நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, டேட்டா சிம் போட்ட ரூட்டரை அதோடு இணைத்த பிறகுதான் படம் தம்போய்க்குப் போனது. முன்வாசல், தீனித் தொட்டி, கொட்டகைக் கதவு என்று மூன்று கேமரா மாட்டினேன். நாலாவதுக்காக ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனபோது அண்ணன் ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பின்பக்கம் சின்ன முனீஸ்வரன் கோயில், அதன் எதிரே ஒரு கம்பிக் கதவு. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் அண்ணன் கடையை அடைத்துவிட்டு நேராக அந்தக் கதவு வழியாக வந்து, வாழைப்பழம், சுருட்டு, ஒரு பாட்டில் கறுப்பு பீர் வைத்துப் படையல் போடுவார். அது அவருக்கும் முனீஸ்வரனுக்கும் உள்ள விஷயம். "இந்தப் பக்கம் வேணாம்லா. காவல் தெய்வத்துக்கே காவல் போட்டா அவரு என்ன நினைப்பாரு?"

தம்போயில் ஆட்டுப் படம்

அடுத்த வாரம் போனால், ஹாலில் தொலைக்காட்சித் தொடரை நிறுத்திவிட்டு எல்லாரும் ஆடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாமான் குடியிருப்பின் பக்கத்து வீட்டுக்காரர்கள் தேநீரோடு வந்து உட்கார்ந்து, எந்தக் கிடா கொழுத்திருக்கிறது என்று விவாதித்தார்கள். கேமராவில் ஸ்பீக்கர் இருப்பதைக் கண்டுபிடித்த அண்ணன், தம்போயிலிருந்தே ஆடுகளை அதட்டினார். வானத்திலிருந்து முதலாளி குரல் கேட்டதும் ஆடுகள் மூலைக்கு ஒன்றாகச் சிதறின. தம்பி மதியம் வெறும் சோற்றைப் பிசைவதைப் பார்த்த அக்கா, முட்டையாவது பொரிக்கச் சொல்லி அங்கிருந்தே போன் போட்டார்.

ரூட்டரைப் பார்க்கப் போனபோது செல்வராஜ் புல்கட்டை இறக்கி வைத்துவிட்டு கேமராவை நிமிர்ந்து பார்த்தான். எதற்காக அது வந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. அவன் சிரித்தபடியே சொன்னான்: "அண்ணே, வேலை செய்யிறவன் நான் ஒருத்தன். பாக்கிறதுக்கு ஒரு தாமானே ஒக்காந்திருக்கு."

பதிவில் சிக்காத ஆடு

அந்த வெள்ளிக்கிழமையே இன்னோர் ஆட்டைக் காணோம். மறுநாள் என்னை உட்கார வைத்துப் பதிவை ஓட்டினார்கள். செல்வராஜ் சாயங்காலம் பூரா முன்பக்கம் புல் நறுக்குகிறான். ஆடுகள் பின்பக்கம் போகின்றன, திரும்பி வருகின்றன. ஒன்று மட்டும் வரவில்லை. தம்பி மேல் தப்பில்லை என்று அக்கா மூச்சு விடுவதற்குள், பின்னால் அவனுக்குக் கூட்டாளி இருக்கிறான் என்று அண்ணன் அடித்துச் சொன்னார். அக்கா அடுப்படிக்குப் போனார். பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன.

பின்பக்கம் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். கடைசியில் ஒரு வழி தோன்றியது. கோயிலின் பின்சுவரில், சாமியின் தலைக்கு மேலே, அவர் பார்க்கிற திசையிலேயே கேமராவை வைத்துவிடலாம். அப்படி வைத்தால், பீர் ஊற்றும் அண்ணன் முகம் நேராகப் படத்தில் விழும். அது அவருக்குத் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்: "அவரு பாக்கிறதையே கேமராவும் பாக்கட்டும். அவரு முகத்த மட்டும் பாக்கக்கூடாது."

திரும்பிப் பார்க்காதவர்

அடுத்த சனிக்கிழமை காலை மறுபடி ஹாலில் கூடினோம். முந்தின நாளும் ஓர் ஆடு போயிருந்தது. திரையில் அண்ணன் வருகிறார், படையல் போடுகிறார், சுருட்டைப் பற்ற வைக்கிறார், விழுந்து கும்பிடுகிறார். முனிக்குப் படையல் போட்டவர் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது நம்ம வழக்கமாச்சே. அண்ணன் கம்பிக் கதவைத் திறந்து வெளியே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. கதவையும் மூடவில்லை. ஆடுகள் வந்தன, பழத்தைத் தின்றன, வாழை இலையையும் விடவில்லை. அப்புறம் ஒரு கிடா நிதானமாகக் கதவைத் தாண்டிச் செம்பனைக்குள் போனது.

அக்கா உடனே தம்பிக்குப் போன் போட்டு, திறந்து கிடந்த கதவை ஏன் மூடவில்லை என்று கேட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் பதில் வந்தது: "படையல் அன்னிக்கு சாமி வேட்டைக்குப் போகும்னு மாமா தொறந்து வைக்கிறாருன்னு நெனச்சேன்க்கா. காலையிலதான் மூடுவேன். சாமிதான் ஆட்ட எடுத்துக்கிட்டாருன்னு சொன்னா மாமா நம்புவாரா?"

கதவடியில்

கிடா போன வழியே தேடிப் போனால், செம்பனைக்கு அந்தப் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் மலாய்க்காரர் வீட்டில் ஆடுகள் எல்லாம் பத்திரமாகக் கட்டிக் கிடந்தன. தானாக வந்த ஆடுகளாம். தேடி யாராவது வருவார்கள் என்று தீனி போட்டுக் காத்திருந்தாராம். மச்சான்தான் திருடன் என்று முடிவு கட்டியிருந்த அண்ணன், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவே இல்லை.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தபோது செல்வராஜ் அந்தக் கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றான். அண்ணன் அவன் முன்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர், என்ன செய்வார்? மச்சான் தோளில் கை வைத்தார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. அண்ணன் சொன்னார்: "இனிமே வெள்ளிக்கெழம நீயும் என்கூட நில்லு மச்சான். நான் திரும்பிப் பாக்க முடியாது, நீதான் கதவ மூடணும்."

இப்போதெல்லாம் எந்த வேலைக்குப் போனாலும், கேமரா எங்கே வேண்டாம் என்று முதலாளி கையைக் காட்டுகிறாரோ, அங்கேதான் முதல் ஏணியைச் சாத்துகிறேன்.