கிழங்குக்குள் ஒரு மொட்டு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. ஃபிரேமின் அளவுக்கு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சின்ன பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டவைத்துக் கீறல் தேடுவாள். கடையில் அவளுக்கு ‘ஏன் அக்கா’ என்று பெயர். எதைச் சொன்னாலும் முதலில் ஒரு ‘ஏன்’ வரும். மின்விசிறி நின்றுபோன ஒரு நாள், “கரண்ட் போயிடுச்சு” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்கு முன்னால் முதலாளி வெளியே நழுவிவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் கணவனின் அக்கா மாடியில் தனியாக இருந்தாள். தபால் அலுவலகத்தில் வேலை. நாத்தனார் என்றாலும் பெரிய உரசல் எதுவும் கிடையாது, பெரிய ஒட்டுதலும் கிடையாது. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மேலே போகும், கழுவின கிண்ணம் கீழே வரும். அவ்வளவுதான்.

ஒரு நாள் கிண்ணத்தோடு ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது. உள்ளே சின்ன வெங்காயம் மாதிரிக் கிழங்குகள்.

“மழை லில்லியாம். கூட வேலை பார்க்கிறவ கொடுத்தா. பாதி எனக்கு, பாதி உனக்கு” என்றாள் நாத்தனார்.

“பூ எப்ப வரும் அண்ணி?”

“மழை பெஞ்சா வருமாம்.”

“மழை பெஞ்சா ஏன் வருது?”

நாத்தனார் அதற்குள் பாதிப் படி ஏறிவிட்டாள்.

அகலமான தொட்டி ஒன்றில், கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு வாசலோரம் வைத்தாள். வேலைக்குக் கிளம்பும் முன் தவறாமல் தண்ணீர். இலைகள் புல் மாதிரித் தளதளவென்று எழுந்தன. மழையும் வந்தது. மழை விட்ட சில நாட்களில் மாடிக் கைப்பிடிக்கு மேலே வெள்ளை வெள்ளையாகப் பூக்கள் தலைநீட்டின. கீழே, அவள் தொட்டியில், இலை மட்டும்தான்.

“என்ன உரம் போடறீங்க அண்ணி?”

“ஒண்ணும் போடலையே.”

“தண்ணி?”

“ஞாபகம் வந்தா ஊத்தலாம்னு இருக்கேன். வர மாட்டேங்குது.”

அவள் நம்பவில்லை. யாரும் ஒன்றுமே செய்யாமல் பூ பூக்குமா? லென்ஸ் தேய்க்கும்போதும் அதே நினைப்பு. மேலே வெயில் அதிகமோ? காற்றோ? கடைசியில், நாத்தனார் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், தன் தொட்டியை இடுப்பில் வைத்து மாடிக்குத் தூக்கிப்போய், அங்கிருந்ததைக் கீழே கொண்டுவந்துவிட்டாள்.

சாயங்காலமே நாத்தனார் படியிறங்கி வந்தாள்.

“என் தொட்டி விளிம்புல ஒரு விரிசல் உண்டு. இன்னைக்குப் பார்த்தா அது தானா ஒட்டிக்கிட்டிருக்கு.”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “இடத்தாலயா தண்ணியாலயான்னு பார்க்கலாம்னு நினைச்சேன் அண்ணி.”

“கேட்டிருந்தா நானே தூக்கிட்டு வந்திருப்பேன். இதுக்குப் போய்த் திருட்டு வேலையா?” என்று சொல்லும்போதே நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தொட்டிகளைப் பழைய இடத்தில் வைத்தார்கள். அன்றைக்குத்தான் முதன்முறையாக நாத்தனார் கீழே உட்கார்ந்து டீ குடித்தாள்.

அடுத்த விடுமுறையில், மண்ணுக்குள் ஏதாவது அழுகிக் கிடக்கிறதா என்று பார்க்க, அவள் கிழங்குகளைத் தோண்டினாள். இலையை நறுக்கி, கழுவி, சமையலறை மேடையில் காகிதம் விரித்துக் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். கணவன் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவன். அன்றைக்கு அவனுக்கு ஆம்லெட் போட்டு மனைவியை அசத்தும் ஆசை வந்தது.

“என்னம்மா வெங்காயம் இது? நறுக்கினா கண்ணே எரியலை” என்று அவன் குரல் கொடுத்ததும் அவள் ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

“வாயில வச்சீங்களா? அது விஷம்.”

“வைக்கலை. கத்தியை நக்கிப் பார்க்கலாமான்னு யோசிச்சேன்.”

கை, கத்தி, பலகை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவவைத்தாள். நறுக்கினதைக் குப்பையில் தள்ளப் போனவள் அப்படியே நின்றாள். நீளவாக்கில் பிளந்திருந்த ஒரு பாதியில், அடுக்கடுக்கான தோல்களுக்கு நடுவே, ஏதோ கூராக வெளிர்பச்சையில் இருந்தது. பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அரிசியை விடச் சின்னதாக ஒரு மொட்டு.

“அண்ணி, கொஞ்சம் கீழ வாங்களேன்.”

நாத்தனார் வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “அப்ப மழையா பூவைக் கொண்டு வருது? அது ஏற்கெனவே உள்ளதான் இருக்கா?”

“ஆமா. ஆனா எனக்கு மட்டும் ஏன் வெளிய வரலை?”

“வேளாவேளைக்கு உட்கார்ந்த இடத்துல தண்ணி கிடைச்சா அது எதுக்கு எழுந்து வரணும்?” என்றான் கணவன், முட்டையை அடித்துக்கொண்டே. அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மிச்சக் கிழங்குகளைத் திரும்ப நட்டு, புது இலை வந்ததும் கூரைக்கு அடியில் தள்ளிவைத்தாள். தண்ணீரை நிறுத்தினாள். மண் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியது, இலைகள் துவண்டு சாய்ந்தன. சொம்போடு அவள் வாசலுக்கு வரும்போதெல்லாம் மாடியிலிருந்து குரல் கேட்டது: “கையைக் கட்டிக்கிட்டு உள்ள போ.”

கனத்த மழை ஒரு மத்தியானம் பெய்தபோது அவள் கடையில் இருந்தாள். வீட்டில் இருந்த நாத்தனாரே நனைந்துகொண்டு தொட்டியை வெளியே இழுத்துவிட்டாள். அந்த வாரமே இலைகளுக்கு நடுவே பென்சில் முனை மாதிரி மொட்டுகள் எழும்பின. ஒரு காலையில் வெயில் ஏற ஏற அவை விரிந்தன. வெள்ளையை எதிர்பார்த்து நின்றவளுக்கு நல்ல ரோஜா நிறத்தில் ஆறு இதழ். கிழங்கைக் கொடுத்தவளுக்கே அது தெரிந்திருக்காது. அன்றைக்கு அவள் கடைக்குத் தாமதமாகப் போனாள். முதலாளி ‘ஏன்’ என்று கேட்டார். அவள் சொல்லி முடிக்கும்போது அவர், கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

அதோடு விடவில்லை. அடுத்த முறை இரண்டு தொட்டிகளைக் காயப்போட்டு, ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீரும் மற்றதற்கு மழைத் தண்ணீரும் விட்டாள். குழாய்த் தண்ணீருக்கும் பூ வந்தது, ஆனால் குறைவு. அது ஏன் என்று இருவருக்கும் விளங்கவில்லை. மழைத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றாள் நாத்தனார். மழையின் குளிர்ச்சி காரணமாக இருக்கலாம் என்றாள் இவள். இன்னும் முடிவாகவில்லை.

இப்போது கிண்ணம் இல்லாமலே இருவரும் படி ஏறி இறங்குகிறார்கள். போன மழையில், மாடி வெள்ளைப் பூவின் மகரந்தத்தை இவள் பஞ்சில் தொட்டு வந்து ரோஜா நிறப் பூவில் தடவினாள். காய் பிடித்தது. வெடித்தபோது உள்ளே கரிய காகிதச் சீவல் மாதிரி விதைகள். உடனே விதைத்ததில் முடியிழை போல முளைகள் வந்திருக்கின்றன.

“என்ன நிறம் வரும்னு நினைக்கிற?” என்று கேட்டாள் நாத்தனார்.

“தெரியலை அண்ணி. விதையிலிருந்து பூக்க ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகுமாம். அது வரைக்கும் நீங்க வேற வீட்டுக்குப் போயிடாதீங்க.”