கண் வெளுத்த பிறகு

கல்லீரல், கணையம் சம்பந்தப்பட்ட அறுவைதான் என் வேலை என்று சொன்னால் ராஜபாளையத்தில் யாருக்கும் புரியாது. எண்பதுகளின் கடைசியில் மதுரையில் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொந்த ஊரில் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். மூட்டுவலி வந்தது, தேள்கடி வந்தது. மஞ்சள் காமாலை மட்டும் வரவில்லை. என் அம்மாவே பக்கத்து வீட்டில், "காமாலைக்கு எதுக்குக் கத்தி? ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணாச்சிட்டப் போங்க" என்று வழி சொல்லி அனுப்பினார். எனக்குக் கோபம் வந்தாலும் வாயைத் திறக்க முடியாது. மருத்துவம் படிக்கும்போது விடுதித் தண்ணீரால் எனக்கே காமாலை வந்து, அதே அண்ணாச்சியிடம் மருந்து குடித்து எழுந்தவன் நான்.

அவர் இரும்புக்கடைக்காரர். ஆணி, தாழ்ப்பாள், வாளி விற்பவர். ஞாயிறு காலையில் மட்டும் கடையின் பின்பக்கம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். காசு வாங்க மாட்டார். வாங்கினால் மருந்து பலிக்காது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அப்புறம் உப்பில்லாத மோர்ச்சோறுதான் பத்தியம். மறுவாரம் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்து, கண் வெளுத்திருந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொல்வார். நோய் போய்விட்டது என்று அர்த்தம். கிருமியால் வரும் அந்தக் காமாலை ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் போய்விடும் என்று பிறகு படித்தேன். அப்படியென்றால் என்னைத் தேற்றியது மருந்தா, மோர்ச்சோறா, சும்மா படுத்துக் கிடந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு மதியம் அந்த அண்ணாச்சியே மகனோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கண் மஞ்சளாக இருந்தது. கையெல்லாம் சொறிந்த தழும்பு. உடம்பு அரிக்கிறதா, மலம் வெளுத்துப் போகிறதா என்று கேட்டேன். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, அதை ஏன் கேட்கிறேன் என்று திருப்பிக் கேட்டார். பித்தம் குடலில் இறங்கும் வழி அடைபட்டால் இந்த இரண்டும் வரும், அதற்கு மருந்து கிடையாது, வழியைத் திறக்கத்தான் வேண்டும் என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். சில மாதமாகத் தன் மருந்தைத் தானே குடித்துவந்திருக்கிறார். நடுவில் ஒரு தடவை மஞ்சள் குறையவும் செய்ததாம். அதில் ஏமாந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த வழியின் வாயில் வரும் கட்டி சில சமயம் தானே கொஞ்சம் உதிர்ந்து வழி விட்டு, மறுபடி அடைக்கும்.

மதுரையில் வயிற்றைத் திறந்தேன். பித்தக்குழாயும் கணையக்குழாயும் குடலில் சேரும் வாயில் புற்றுக்கட்டி. கல்லீரலிலும் பரவியிருந்தது. எடுக்க முடியாது. அரிப்பாவது நிற்கட்டும் என்று பித்தத்துக்கு வேறு வழி விட்டுத் தைத்து மூடினேன். வெளியே மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாட்டச் சொல்லிராதீக சார். அடைப்பை எடுத்தாச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். அப்படியே சொன்னேன்.

சில வாரங்களில் கண் வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. அது நான் எதிர்பார்த்ததுதான். ஊர் பேசியதைத்தான் எதிர்பார்க்கவில்லை. தையல் சட்டைக்குள் மறைந்திருக்க, கண் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. தன் மருந்தால் தானே தேறிவிட்டார் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முன்னைவிட அதிகமானது. எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு அந்த எரிச்சல் என் பக்கமே திரும்பியது. நோயைத் தொடாமல் கண்ணை வெளுக்க வைத்ததைத் தவிர நான் மட்டும் என்ன செய்துவிட்டேன்? மதுரைக்குத் திரும்பும் பேருந்தில் இதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருப்பேன். கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பையன்கள் ஏறி இரைச்சல் போடுவார்கள். யோசனை அதோடு அறுந்துபோகும்.

தையலைக் காட்ட வந்த அன்று அண்ணாச்சி தன் கீழ் இமையைத் தானே இழுத்துக் காட்டினார்.

"வெளுத்துருச்சுல்லா தம்பி?"

"வெளுத்துருச்சு அண்ணாச்சி."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டார். தலைக்கு ஊற்றிக்கொள்ளலாமா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு, பிளவக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கண்ணில் லேசான மஞ்சள்தான். இவ்வளவு ஆரம்பத்தில் யாரும் என்னிடம் வந்ததே இல்லை. யார் அனுப்பியது என்று கேட்டேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணாச்சிதான் சார். அரிக்குதான்னு கேட்டாக. வெளிக்கி வெளுத்துப் போகுதான்னு கேட்டாக. ஆமான்னதும் கலக்குன மருந்தைக் கீழ ஊத்திட்டாக."

என்ன நோய் என்று சொன்னாரா என்றேன்.

"'ஏட்டி, எனக்கு உள்ள இருக்கதுதான் ஒனக்கும் இருக்கும்போல. நான் பிந்திப் போனேன், எடுக்க முடியல. நீ இன்னைக்கே போ'ன்னாக."

யார் அவரிடம் சொன்னது? நான் சொல்லவில்லை. மகன் சொல்லியிருக்க மாட்டான். அவளிடம் மேலே கேட்க வேண்டியதெல்லாம் மறந்துபோய், கேட்டதையே திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணுக்குக் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது. அவள் எழுந்து நடக்க ஆரம்பித்த சமயத்தில் அண்ணாச்சி இறந்துபோனார். துக்கத்துக்குப் போயிருந்தேன். இரும்புக்கடை வாசலில் மகன் என்னைத் தனியாக அழைத்துப்போய், "கடைசி வரைக்கும் அப்பாவுக்குத் தெரியாமயே பாத்துக்கிட்டோம் சார்" என்றான்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.